அறுபத்தைந்து இஞ்ச்

இந்த வாரத்தில் மூன்றாம் முறையாகச் செத்துவிட்டான் அவன்.
இடது காலில் சுற்றிய துணிப்பட்டை அவிழ்ந்து
குதிகாலோடு இழுபடும்.
அதை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.
திங்களன்று ஆங்கிலேயன்,
புதனன்று கனடாக்காரன்,
நேற்று பின்னணிக் குரல் அவனை ஆஸ்திரேலியன் என்றது.
அதே அகழி. அதே ஏணி.
அதே சரிவில் அதே மாதிரி வழுக்கி விழுகிறான்.

"படமெடுத்து முடிந்ததும் எழுந்து
மண்ணைத் தட்டிக்கொண்டு டீ குடிக்கப் போயிருப்பான்"
என்கிறாள் கோடலீவ், பிஸ்தா ஓட்டைப் பிளந்தபடி.
அப்படியே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன்.
நான் எந்தச் சாமியையும் கும்பிடுகிறவன் இல்லை.

ஈப்பர் நகரத்திலிருந்து பதினோரு கிலோமீட்டரில் எங்கள் வீடு.
உருளைக்கிழங்கு ஆலையில் பகல் ஷிஃப்ட்.
எண்ணெய் வாசனையோடு திரும்பி
குளித்து, காலை நீட்டி
ரிமோட்டை எடுத்தால் உலகப் போர் தொடங்கிவிடும்.
பத்தரைக்குள் முடித்துவிடுவேன்.

எனக்குச் சில அபிப்பிராயங்கள் உண்டு.
யாரும் கேட்டதில்லை, ஆனாலும் உண்டு.
கறுப்பு வெள்ளைக்கு வர்ணம் பூசுகிறவர்களைப் பிடிக்காது:
எல்லோர் கன்னத்திலும் ஒரே ரோஜா நிறம்,
கல்யாண ஆல்பம் போல.
வரைபடத்தில் ஊர்ந்துபோகும் சிவப்பு அம்புகளைப் பிடிக்காது.
அம்புகளைப் பேன் கடிப்பதில்லை.
பிடித்தது ஒன்றுதான்:
அணிவகுத்துப் போகிற வரிசையில் எவனாவது ஒருவன்
கேமராவைத் திரும்பிப் பார்த்து
அசட்டுச் சிரிப்பு சிரிப்பான்.
அந்த அரை விநாடிக்காக
மிச்ச ஐம்பது நிமிஷத்தையும் மன்னித்துவிடுவேன்.

போன கோடையில் சவுண்ட்பார் வாங்கினேன்.
பன்னிரண்டு தவணை, ஐந்து பாக்கி.
கூடவே சோபாவுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பெட்டி,
குண்டு விழுந்தால் தொடை அதிரும்.
பூனை மாடிக்கு ஓடிவிடும்.
கோடலீவின் அண்ணன் மகன் யோரன் வந்தபோது
பெருமையாகப் போட்டுக் காட்டினேன்.
பிரஸ்ஸல்ஸில் படங்களுக்குச் சத்தம் சேர்க்கிற வேலை அவனுக்கு.
கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டான்.
"அந்தக் காலத்துப் படச்சுருளுக்குக் காது கிடையாது, மாமா.
இது யாரோ வேன் கதவை அறைந்த சத்தம்.
இது முட்டைக்கோஸை மட்டையால் அடித்தது."
அன்றிலிருந்து பீரங்கி முழங்கும்போதெல்லாம்
எனக்கு முட்டைக்கோஸ்தான் கேட்கிறது.

வெளியே, சாலையோர மின்கம்பத்தடியில்
மூன்று நிஜக் குண்டுகள் சாய்ந்து கிடந்தன.
வெர்மாண்டர் பீட்ரூட்டுக்கு உழுதபோது மேலே வந்தவை.
துருவேறி, களிமண் அப்பி,
கழுவாத கிழங்கு மாதிரி.
ஒவ்வொரு வசந்தத்திலும் வரும்.
ராணுவ வண்டி வந்து எடுக்கும்வரை
தபால்காரர் கொஞ்சம் சுற்றிக்கொண்டு போவார்,
அவ்வளவுதான்.
நூறு வருஷத்துக்கு முன் சொல்ல வந்ததை
இன்னும் வாயில் வைத்துக்கொண்டிருக்கின்றன.

நேற்று, பின்னுக்கு ஓட்டி
அவன் விழுகிற நேரத்தில் நிறுத்தினேன்.
சிப்ஸ் எடுக்க அடுக்களைக்குப் போனேன்.
திரும்பி வந்தால், இன்னும் விழாமல்
ஒரு கை காற்றில்,
பட்டை அவிழ்ந்த கால்
ஏணிக்கும் மண்ணுக்கும் நடுவே.
ஓடவிட மனசு வரவில்லை.
கோடலீவும் கேட்கவில்லை.
பிஸ்தா தீர்ந்தது. ஃப்ரிட்ஜ் முனகி ஓய்ந்தது.
இருபது நிமிஷம் கழித்து டிவி தானாகவே
மீன்கள் நீந்தும் திரைக்கு மாறிக்கொண்டது.

இன்று காலை, நான் வேலைக்குக் கிளம்புகிற நேரம்
ராணுவ வண்டி வந்தது.
இரண்டு பையன்கள். ஒருவனுக்கு முகப்பரு இன்னும் ஆறவில்லை.
மணல் நிரப்பிய பெட்டியில் மூன்றையும்
மூச்சைப் பிடித்துக்கொண்டு படுக்கவைத்தான்.
கையுறையைக் கழற்றி, கையெழுத்து வாங்கி,
ஜன்னல் வழியே உள்ளே எட்டிப் பார்த்தான்.
மீன்கள் இன்னும் நீந்திக்கொண்டிருந்தன.

"எத்தனை இஞ்ச்?"
"அறுபத்தைந்து."
"படம் நல்லா வருதா?"
"படம் நல்லாத்தான் வருது," என்றேன், "சத்தம்தான்…"
அதற்குள் அவன் வண்டியில் ஏறிவிட்டான்.
வெகு மெதுவாகப் போனார்கள்,
மேடு பள்ளம் பார்த்து.